பூச்சிகளைப் படம் பிடிப்போம்



பூச்சி என்ற சொல்லைக் கேட்டதும் நம் கை முதலில் செருப்பைத்தான் தேடும். அதற்கு அடுத்தபடியாக மருந்துப் புட்டியைத் தேடும். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பூச்சி புதிதல்ல. பால்மரக் காட்டில் கொசுக் கடியோடு வேலை செய்திருக்கிறோம். செம்பனை மட்டையை இழுக்கும்போது எறும்புக் கடி வாங்கியிருக்கிறோம். மழைக்காலத்து மாலையில் ஈசல் வந்து விளக்கை மொய்ப்பதைப் பார்த்திருக்கிறோம். இத்தனை பழகியும் ஒரு பூச்சியின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? அதற்கு எத்தனை கண், அதன் வாய் எப்படித் திறக்கிறது, அதன் கால் எப்படிச் சுவரில் ஒட்டுகிறது என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. பூச்சி சிறியது, நம் கண்ணுக்கு எட்டாதது என்பதே காரணம்.

அந்தக் குறையைத் தீர்க்கும் கலை ஒன்று உண்டு. பூச்சியை அது வாழும் இடத்திலேயே, அதைக் கொல்லாமல், பிடித்து அடைக்காமல், மிக அருகில் சென்று பெரிதாகப் படம் எடுக்கும் கலை. இதை மேக்ரோ படம் என்பார்கள். கோலசிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்கள் இந்தக் கலையை எப்படிப் பழகலாம், பழகினால் என்ன பயன் என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். லயத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

“கேமரா வாங்கப் பணத்துக்கு எங்கே போவது?” என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் என்றொரு இயற்கை அறிஞர் இருந்தார். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். இந்தியக் காடுகளில் யானைகளையும் பிற விலங்குகளையும் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்துப் புகழ் பெற்றவர். இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அவர் வைத்திருந்த கேமராவோ, வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தாமே சேர்த்துப் பொருத்திக்கொண்டது. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவர் எடுத்த படங்களைப் பார்த்துச் சிரித்தவர் இல்லை. விலங்கின் போக்கை அறிந்திருந்தார், காத்திருந்தார், படம் கிடைத்தது.

இன்று பெரும்பாலான வீடுகளில் கைப்பேசி இருக்கிறது. அதில் கேமராவும் இருக்கிறது. சில கைப்பேசிகளில் மிக அருகிலுள்ள பொருளை எடுப்பதற்கென்றே தனி அமைப்பு உண்டு. இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். கைப்பேசியின் கேமராக் கண்ணுக்கு மேல் கவ்விக்கொள்ளும் சிறு லென்ஸ் கடைகளில் கிடைக்கிறது. அதுவும் இல்லையென்றால், தாத்தா நாளிதழ் படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கேமராவின் முன் பிடித்துப் பாருங்கள். தொடக்கத்துக்கு அது போதும். பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தும் வளையம் ஒன்றை வாங்கலாம். தொலைவில் உள்ளதைச் சிறிதாக்கிக் காட்டும் லென்ஸ், திருப்பி வைத்தால் அருகில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும். ஆனால் லென்ஸின் பின்புறம் வெளியே நிற்பதால் தூசி படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவி ஆயிற்று. இனி எடுக்கும் முறை.

முதலாவது, நேரம். பூச்சிக்கு நம்மைப் போல் உடலுக்குள்ளேயே எப்போதும் ஒரே சூடு இருப்பதில்லை. வெயில் ஏற ஏறத்தான் அதற்குச் சுறுசுறுப்பு வரும். பெரட்டுக் கூடும் விடியல் நேரத்தில் தட்டானும் வண்ணத்துப்பூச்சியும் புல் நுனியில் பனித்துளியோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும். அப்போது ஒரு சாண் தூரம் வரை நெருங்கலாம். பத்து மணிக்கு மேல் அதே தட்டானைப் பத்தடியிலிருந்து பார்ப்பதே பெரிய காரியம்.

இரண்டாவது, நெருங்கும் விதம். நம் நிழல் பூச்சியின் மேல் விழக் கூடாது. நிழல் விழுந்தால் பறவை வந்துவிட்டதென்று எண்ணிப் பறந்துவிடும். மெதுவாக, தாழ்வாக, நேர்கோட்டில் செல்ல வேண்டும். பூச்சி உட்கார்ந்திருக்கும் செடியை இடிக்கக் கூடாது.

மூன்றாவது, தெளிவு. மேக்ரோ படத்தில் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். எவ்வளவுக்கெவ்வளவு அருகில் போகிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு படத்தில் தெளிவாக விழும் ஆழம் குறைந்துகொண்டே வரும். மிக நெருங்கிவிட்டால் அது ஓரிரு மில்லிமீட்டர்தான். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கலாகும்; வால் தெளிவாக இருந்தால் கண் மங்கலாகும். ஆகவே கண்ணைத் தெளிவாக்குங்கள். கண் தெளிவாக இருந்தால் பார்ப்பவர் மனம் நிறைந்துவிடும். பூச்சியின் உடல் முழுவதும் தெளிய வேண்டுமானால் பக்கவாட்டில் நின்று, கேமராவும் பூச்சியின் உடலும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி எடுக்க வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி அழுத்துங்கள். ஒரு படத்தோடு நிறுத்தாதீர்கள். இருபது எடுத்தால் ஒன்று தேறும்.

நான்காவது, வெளிச்சம். உச்சி வெயிலில் எடுத்தால் வண்டின் முதுகு கண்ணாடி போல் பளபளத்து விவரமெல்லாம் மறைந்துவிடும். காலை வெயில் நல்லது. நிழற்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழும். பிளாஷ் போடுவதானால் அதன் முன் மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள், வெளிச்சம் மென்மையாகும்.

இவ்வளவும் தெரிந்தபின், எதை எடுப்பது? நம்மைச் சுற்றியே தொடங்கலாம். செம்பனைப் பூவில் மொய்க்கும் ஒரு சின்னஞ்சிறு வண்டை எடுத்துக்கொள்வோம்.

நம் வட்டாரத்துக்கும் செம்பனைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மலாயாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்டது 1917-இல். இடம், கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டம். பயிரிட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். ஆப்பிரிக்காவில் பிறந்த மரம் கடல் கடந்து இங்கே வந்தது. ஆனால் அதன் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் பூச்சி கூடவே வரவில்லை. செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் தனித்தனியே, வெவ்வேறு சமயத்தில் பூக்கின்றன. ஒரு மரத்து மகரந்தம் இன்னொரு மரத்துப் பெண் பூவைச் சேர்ந்தால்தான் குலை நன்றாகப் பிடிக்கும். அதைச் செய்யப் பூச்சி போதாத தோட்டங்களில் மனிதக் கைகள் செய்தன. ஆண் பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, முகப்பவுடர் போன்ற மாவோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் ஊதிவிடுவது ஒரு வேலையாகவே இருந்தது. முள் நிறைந்த மட்டைகளுக்கிடையே கையை நுழைத்து அந்த வேலையைச் செய்தவர்களில் நம் பெண்கள் பலர். இன்று பாட்டியாக இருக்கும் சிலருக்கு அது நன்றாக நினைவிருக்கும்.

ஆப்பிரிக்காவின் கமரூனில் அந்த வேலை தேவைப்படவில்லை. அங்கும் மலேசியாவிலும் தோட்டங்களை நடத்திய லெஸ்லி டேவிட்சன் என்பவர் இந்த வேறுபாட்டைக் கவனித்தார். அங்கே பூச்சிகள்தாம் மகரந்தம் சேர்க்கின்றன என்று ஐயுற்றார். பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் கமரூனில் ஆராய்ந்து அதை உறுதிப்படுத்தினார். எலைடோபியஸ் கமெருனிகஸ் என்னும் கூன்வண்டு தேர்ந்தெடுக்கப்பட்டது. அது வேறு பயிருக்குக் கேடு செய்யாதா என்று சோதித்தபின், 1981-இல் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் விடப்பட்டது. சிறிது காலத்திலேயே அது தீபகற்பம் முழுவதும் பரவிவிட்டது. குலையில் காய்ப்பிடிப்பு கூடியது. கையால் மகரந்தம் ஊதும் வேலை மறைந்தது. தோட்டத்துக்குப் பெருத்த இலாபம். அந்த வேலையை நம்பியிருந்த குடும்பங்களோ வேறு வேலை பார்க்க வேண்டியதாயிற்று. இரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த வண்டைப் படம் எடுப்பது எளிது. பூத்த ஆண் பூங்கொத்திலிருந்து சோம்பு வாசனை வரும். அந்த வாசனையைத் தேடித்தான் வண்டுகள் கூட்டமாக வருகின்றன. நெல்மணியை விடச் சிறிய உடல், முன்னே நீண்ட மூக்கு. அருகில் சென்று எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். உடல் மயிர்களுக்கிடையே மகரந்தத் துகள்கள் ஒட்டியிருப்பது தெரியும். பெண் பூவும் சற்றே அதே வாசனையை வீசி அதை அழைக்கிறது. உணவு கிடைக்கும் என்று போன வண்டு, மகரந்தத்தை உதிர்த்துவிட்டுத் திரும்புகிறது. வாடிய ஆண் பூவில்தான் அது முட்டையிடுகிறது. அதன் புழு வளர்வதும் அங்கேதான். பாட்டிமார் கையால் செய்த வேலையை இந்தச் சிறு உயிர் எப்படிச் செய்கிறது என்பதை ஒரு படத்தில் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம் அல்லவா?

அடுத்தது, பகைப் பூச்சி. செம்பனை ஓலையில் காய்ந்த சருகுத் துண்டு போல ஒன்று தொங்கும். ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் நீளம். மலாயில் உலாட் புங்குஸ் என்கிறார்கள். நாம் பைப்புழு எனலாம். மெதிசா பிளானா என்பது இதில் ஒரு முக்கிய வகை. சிலாங்கூரிலும் பேராக்கிலும் பல தோட்டங்களில் பெருகி ஓலைகளைக் காய வைத்த பூச்சி இது. இலைத் துணுக்குகளைப் பட்டு நூலால் தைத்து ஒரு பை செய்துகொண்டு, அதற்குள் இருந்தபடியே தலையை மட்டும் நீட்டி ஓலையைச் சுரண்டித் தின்னும். ஆண் பூச்சி வளர்ந்ததும் அந்துப்பூச்சியாகிப் பறந்துவிடும். பெண்ணுக்குச் சிறகு இல்லை. அது பையை விட்டு வெளியே வராமலே வாழ்ந்து, பைக்குள்ளேயே முட்டையிட்டு மடிகிறது. பொரித்த குஞ்சுகள் பட்டு நூலில் தொங்கி, காற்றடித்தால் அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

இதைப் படம் எடுப்பதில் என்ன பயன்? பை ஒன்று தொங்குகிறது என்றால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது என்று பொருளாகாது. இந்தப் புழுவின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் மிகச் சிறிய குளவிகள் உண்டு. குளவிக் குஞ்சு வெளியேறிய பையில் ஒரு நுண்ணிய ஓட்டை இருக்கும். வெறும் கண்ணுக்குத் தப்பும் அந்த ஓட்டை, மேக்ரோ படத்தில் பளிச்சென்று தெரியும். ஒரு நிரையில் பல ஓலைகளை இப்படிப் படம் எடுத்துப் பார்த்தால், குளவிகள் எந்த அளவுக்கு வேலை செய்கின்றன என்று ஓரளவு கணிக்கலாம். தோட்டச் சாலையோரத்தில் எட்டு மணிப் பூ என்று நாம் சொல்லும் துர்னேரா செடியை நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக மட்டும் நட்டதல்ல. அந்தப் பூவின் தேன்தான் இந்தக் குளவிகளுக்கு உணவு. எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்தைக் கண்டபடி அடித்தால் பைப்புழுவோடு குளவியும் சாகும். பிறகு பைப்புழு திரும்பி வரும். அதைத் தடுக்கக் குளவி இராது. ஆகவே எந்தப் பூச்சி நண்பன், எது பகைவன் என்று அறிந்து செயல்படுவது தோட்டத்துக்கு மட்டுமல்ல, மருந்துப் பம்பை முதுகில் சுமப்பவரின் உடலுக்கும் நல்லது. சிறு நிலத்தில் செம்பனை வைத்திருப்பவர்கள் இத்தகைய படத்தை வேளாண் அதிகாரியிடம் காட்டி ஆலோசனை கேட்கலாம். “ஏதோ பூச்சி ஐயா” என்று சொல்வதை விட அது மேல்.

மூன்றாவதாக, நம் மாவட்டத்துக்கே உலகப் புகழ் தேடித் தந்த மின்மினி. சிலாங்கூர் ஆற்றங்கரையில் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் இரவு நேரத்தில் மின்மினிகள் கூடி, ஒன்றாக ஒளிர்ந்து ஒன்றாக அணைவதைக் காணப் பல நாட்டவரும் வருகிறார்கள். டெரோப்டிக்ஸ் டெனர் என்பது இதன் அறிவியற்பெயர். உடல் அரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஆண் பூச்சிகள் சேர்ந்து கண் சிமிட்டிப் பெண்ணை அழைக்கின்றன. அதன் வயிற்றில் உள்ள ஒரு பொருள் உயிர்க்காற்றோடு சேரும்போது ஒளி பிறக்கிறது. தொட்டால் சூடு தெரியாத ஒளி.

இங்கேதான் ஒரு கண்டிப்பான வேண்டுகோள். இரவில் மின்மினியின் மேல் பிளாஷ் அடிக்காதீர்கள்; டார்ச்லைட்டும் வேண்டாம். ஒளிதான் அவற்றின் மொழி. நாம் அடிக்கும் வெளிச்சத்தில் அந்த மொழி அழிந்துபோகும். இணை சேருவது தடைப்படும். தவிர, பிளாஷ் போட்ட படத்தில் மரம்தான் தெரியும், மின்மினி ஒளி தெரியாது. கேமராவைக் கரையில் அசையாத தாங்கியில் நிறுத்தி, கண்ணைச் சில நொடிகள் திறந்து வைத்து எடுத்தால் ஒளிப்புள்ளிகள் படத்தில் விழும். படகிலிருந்து அப்படி எடுக்க முடியாது, படகு ஆடிக்கொண்டே இருக்கும். படகில் போனால் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் பார்த்து மகிழுங்கள்.

மேக்ரோ படத்துக்குப் பகல்தான் ஏற்றது. பகலில் மின்மினி இலையில் அமைதியாக இருக்கும். இலையைப் பறிக்காமல், பூச்சியைத் தொடாமல் எடுங்கள். ஆணின் சிறகுறை நுனி உள்ளே வளைந்திருக்கும். அடிவயிற்றில் ஒளிதரும் வளையம் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. இவ்வளவு சிறிய உடலில் இத்தனை நுட்பமா என்று வியந்துபோவீர்கள்.

பெரெம்பாங் மரம் இருந்தால் மட்டும் மின்மினி பிழைத்துவிடாது. அதன் புழு மரத்தில் வாழ்வதில்லை. கரையை அடுத்த ஈர மண்ணில், நிப்பா, சாகு மரங்களின் நிழலில், சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையோரத்தைச் சுத்தமாக வெட்டி ஆற்று விளிம்பு வரை பயிர் வைத்தால் புழுவுக்கு இடமில்லை. புழு இல்லாவிட்டால் மின்மினி இல்லை. இதை உணர்ந்துதான் 2009-இல் சிலாங்கூர் மாநில அரசு மின்மினி வாழும் ஆற்றங்கரைப் பகுதியைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பக்கத்தில் வாழ்பவர்கள் கண்ணும் வேண்டும். இன்று மின்மினி நிறைந்திருக்கும் மரத்தை நாள் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே மரத்தை எடுங்கள். கூடியதா, குறைந்ததா என்று சொல்லும் சான்று உங்களிடம் இருக்கும்.

அதனால்தான் எந்தப் பூச்சிப் படத்துக்கும் மூன்று குறிப்பு எழுதச் சொல்கிறேன்: எந்த இடம், எந்த நாள், எந்தச் செடி. கூடவே அளவும் வேண்டும். முதலில் பூச்சியை எடுத்துவிட்டு, அது போனபின் அதே இலையருகே ஒரு பத்து காசை வைத்து இன்னொரு படம் எடுங்கள். பத்து காசின் அகலம் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். பூச்சியின் அளவைப் பிறகு கணக்கிட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இது கணக்குப் பாடமும் ஆயிற்று, அறிவியல் பாடமும் ஆயிற்று.

செய்யக் கூடாதவை சில உண்டு. அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியைக் குளிர்பெட்டியில் வைப்பது, பசை போட்டு ஒட்டுவது, சிறகைக் கிள்ளுவது ஆகியவை வேண்டவே வேண்டாம். அப்படி எடுத்த படத்தில் உயிரும் இராது, உண்மையும் இராது. மருந்து அடித்த காட்டுக்குள் அன்று போகாதீர்கள். குவிந்து கிடக்கும் மட்டைகளுக்குள் கை விடாதீர்கள். எலியைத் தேடி வரும் நாகம் அங்கே இருக்கலாம். முள் மயிர் கொண்ட பச்சைப் புழுவைத் தொட்டால் கை எரியும். குளவிக்கூட்டை நெருங்காதீர்கள். பிள்ளைகள் தனியே போகாமல் பெரியவர் ஒருவரோடு போகட்டும்.

காட்டுக்குப் போக நேரமில்லை என்பவர்கள் வீட்டு வாசலிலேயே தொடங்கலாம். ரம்புத்தான் மரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டுகிறதா என்று பாருங்கள். வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இரண்டு இலைகளின் விளிம்பை இழுத்துப் பிடிக்கும். வேறு சில எறும்புகள் தம் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வந்து, அந்தப் புழுக்களிலிருந்து வரும் பட்டு நூலால் இலைகளைத் தைக்கும். தையல்காரர் ஊசி நூலைப் பிடிப்பது போல் குழந்தையையே பிடித்துத் தைக்கும் உயிர் அது! வேலியோரத்தில் பச்சை நிறக் கும்பிடு பூச்சி கையைக் கூப்பிக்கொண்டு இரைக்குக் காத்திருக்கும். கறிவேப்பிலைச் செடியில் வண்ணத்துப்பூச்சியின் புழு முதலில் பறவை எச்சம் போலத் தோன்றி, வளர்ந்ததும் இலைப் பச்சையாக மாறும். ஒரே புழுவை நாள்தோறும் எடுத்து வந்தால், பதினைந்து இருபது படங்களில் ஒரு வாழ்க்கை வரலாறே கிடைத்துவிடும்.

நேயர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, தேநீர் குடித்த கையோடு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை போங்கள். ஒரே ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுங்கள். அதன் பெயரைத் தமிழில் பாட்டியிடம் கேளுங்கள், மலாயில் அண்டை வீட்டாரிடம் கேளுங்கள். படத்தின் கீழ் இரண்டையும் எழுதி வையுங்கள். ஓராண்டில் உங்கள் தோட்டத்துப் பூச்சிகளின் ஏடு ஒன்று உங்கள் வீட்டில் இருக்கும். அதைப் பிள்ளைகளின் பள்ளிக்கும் கொடுத்து உதவலாம்.